சம்பங்கிக் கிழங்கை ஒரு மாதம் உறங்க விடுங்கள்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் கூடும். மாலை கட்டுவோருக்குச் சம்பங்கி வேண்டும். காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டிப் பத்து சென்ட் நிலம் வைத்திருப்பவரும் இதைப் பயிரிடலாம். அதற்குச் சுமார் 4,500 கிழங்குகள், அதாவது ஏறத்தாழ 135 கிலோ தேவை. தோண்டிய கிழங்கை உடனே நட்டால் முளைப்பு சீராக இராது. முளைக்காத கிழங்கு ஈரத்தில் அழுகும். போட்ட முதலும் போகும்.

உறக்கத்தின் காரணம்

இலை பழுத்துக் காயும்போது கிழங்கு உறக்கநிலைக்குச் செல்கிறது. அப்போது அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி முளையை அடக்கி வைக்கிறது. ஜிப்பரெல்லின் என்ற மற்றோர் ஊக்கி முளையைத் தூண்டும். நாளாக ஆக முதலாவது குறைந்து, இரண்டாவதன் கை ஓங்கும்போது கிழங்கு விழிக்கிறது. குளிர்ச்சி இதை விரைவுபடுத்தும்.

ஹாலந்திலும் காஷ்மீரிலும் பூக்கும் துலிப் மலருக்கு 12 முதல் 16 வாரக் குளிர் தேவை. மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கிக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். உறைபனி ஆகவே ஆகாது.

செய்ய வேண்டியவை

வைகாசியில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, இலை காய்ந்தபின் கிழங்கைத் தோண்டவும். மண்ணை உதிர்த்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பவும். கோணியில் கட்டி வைக்கலாகாது. அவ்வப்போது புரட்டி, அழுகியவற்றை நீக்கவும்.

30 நாள் கழித்து, ஆனி, ஆடியில் நடவும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கே ஏற்றது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளியில், 2.5 செ.மீ. ஆழத்தில் ஊன்றவும். நடுமுன் லிட்டருக்கு 5 கிராம் வீதம் சைகோசெல் கலந்த நீரில் நனைத்தால் மகசூல் கூடும். இது உறக்கத்தைக் கலைப்பதற்கு அன்று.

அவசரமாக நட வேண்டியவர்கள் லிட்டருக்கு 40 கிராம் தயோயூரியா கரைத்து, அதில் கிழங்கை ஒரு மணி நேரம் ஊற வைக்கலாம். கையுறை அவசியம். குளிர்பதனக் கிடங்கு வசதி இருந்தால் 10 டிகிரி செல்சியஸில் 30 நாள் வைத்து நடலாம். பூங்கதிர்கள் அதிகம் கிடைக்கும்.

இவ்வசதிகள் இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. நிழலும் ஒரு மாதப் பொறுமையும் செலவில்லாத மருந்து. மேல்விவரங்களுக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.