பீலித் தண்ணீரைக் குடிப்பது யார்?

மழையில்லாத மாசி, பங்குனியில் ஓடையிலிருந்து தண்ணீர் வரும் பீலிகளைக் கவனியுங்கள். விடியலில் வாளி சட்டென்று நிறையும். பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில், தண்ணீர் மெலிந்திருக்கும். மேல் லயத்தார் குழாயைத் திருப்பிவிட்டார்கள் என்று சண்டை மூளும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் யாரும் கைவைக்காத ஓடையும் பகலில் இறங்கி இரவில் ஏறும். கரையில் நிற்கும் மரங்களின் வேலை அது.

வெயில் ஏறினால் இலைத்துளைகள் வழியே மரம் நீரை ஆவியாக விடுகிறது. இதுவே ஆவியுயிர்ப்பு. சரிவில் நிற்கும் தேயிலைக்கு மேல்மண் காய்ந்ததும் துளைகளை ஒடுக்கிச் சிக்கனம் பிடிக்க வேண்டிய நிலை. ஓடைக்கரை மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. வேர் தண்ணீரிலேயே கிடக்கிறது. ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீட்டர் ஆவியானால் 10,000 லீற்றர் போய்விட்டது என்று கணக்கு. இருட்டியதும் துளைகள் மூடும், நிலத்தடிநீர் மறுபடி ஓடைக்குக் கசியும். அமெரிக்காவின் கொவீட்டா ஆய்வுக் காட்டில் 1940களில் ஓடைக்கரை மரஞ்செடிகளை வெட்டிப் பார்த்தார்கள். அந்தப் பகல் இறக்கமே காணாமல் போனது.

நம் தோட்டங்களில் டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் விறகுக்காக நடப்பட்டது. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு அது வேண்டும். அதன் தாகத்தை அளந்த இடம் நீலகிரி. ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில், ஒரு நீர்ப்பிடிப்பின் 59 சதவீதப் புல்வெளியில் அதை நட்டார்கள். முதல் 10 ஆண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை தழைத்து வளர்ந்த மறுசுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம்.

அதற்காகக் கரையை மொட்டையடிப்பது பைத்தியக்காரத்தனம். வேர் இல்லாத கரை முதல் பெருமழையிலேயே சரியும். மண்ணும் உரமும் கொத்மலை ஓயாவில் இறங்கி, தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும். டர்பன்டைனைப் பள்ளத்திலிருந்து முகட்டுக்கு மாற்றலாம். கரையில் மெதுவாக வளரும் நாட்டு மரங்களை விடலாம். விறகும் முற்றாக நின்றுபோகாது.

சந்தேகமிருந்தால் மழையற்ற ஒரு நாளில் ஒரே வாளியைக் காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பீலியில் வைத்து, நிறையும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். அதற்கு முன் மேல் லயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.