காசு கொடுத்து வாங்கிய கார், விளையாட்டு மூடிய பிறகு

2019 மே மாதம் ஒரு பந்தயக் கார் 415.9 ஈதருக்கு (ஒரு மின்னணு நாணயம்) ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அது ஹாங்காங்கின் அனிமோகா பிராண்ட்ஸ் நிறுவனம் நடத்திய ‘எஃப்1 டெல்டா டைம்’ என்ற வீடியோ விளையாட்டுக்குரிய கார். 2022 மார்ச்சில் அந்த விளையாட்டு மூடப்பட்டது. ஃபார்முலா 1 பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை நிறுவனத்தால் புதுப்பிக்க முடியவில்லை. காரை வாங்கியவரிடம் வாங்கியதற்கான பதிவு இருந்தது; ஓட்டுவதற்குத்தான் இடம் இல்லை.

இப்படிப்பட்ட பொருளை நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ வாங்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எதை விற்கிறார்கள்? விளையாட்டுக்குள் வரும் உடை, துப்பாக்கி, கார், நிலம், வளர்ப்புப் பிராணி போன்றவற்றை. இவற்றில் இரண்டு வகை உண்டு. பழைய வகை ஸ்கின் (ஆயுதத்துக்கோ பாத்திரத்துக்கோ போர்த்தும் அலங்காரத் தோற்றம்). அது உங்களுடையது என்ற கணக்கு, விளையாட்டு நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கும். புதிய வகை என்.எஃப்.டி. (ஒரு குறிப்பிட்ட பொருள் இன்னாருக்குச் சொந்தம் என்று காட்டும் மின்னணுப் பதிவு). அது பிளாக்செயினில் (யாரும் தனியாக அழிக்க முடியாதபடி பல கணினிகளில் எழுதி வைக்கப்படும் பொதுக் கணக்கேடு) பதிவாகும்.

யாரும் அழிக்க முடியாது என்றால் பாதுகாப்புதானே என்று கேட்பீர்கள். அழிக்க முடியாதது பதிவு மட்டும். அந்தக் கணக்கேட்டில் பெரும்பாலும் ஒரு எண்ணும், படம் இருக்கும் இணைய முகவரியும்தான் இருக்கும். காரின் உருவம், அதன் வேகம், அது ஓடும் பாதை, எதிரே வரும் போட்டியாளர் எல்லாமே நிறுவனத்தின் சர்வரில் (விளையாட்டை இயக்கும் மையக் கணினி) இருக்கின்றன. வீட்டுப் பத்திரம் உங்கள் பெட்டியில் இருக்கிறது, ஆனால் வீடு நிற்பது அடுத்தவர் நிலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர் வீட்டை இடித்துவிட்டால் பத்திரத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

எஃப்1 டெல்டா டைம் விஷயத்தில் அனிமோகா கைவிரித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன்னுடைய இன்னொரு பந்தய விளையாட்டில் மாற்றுக் கார்கள் தருவதாக அறிவித்தது. ஆனால் வாங்கியவர்கள் காசு கொடுத்தது ஃபார்முலா 1 என்ற பெயருக்கு. அந்தப் பெயரை மாற்றுக் கார் கொண்டுவராது.

இந்த விளையாட்டு போனால் போகட்டும், என் பொருளை வேறு விளையாட்டுக்கு எடுத்துப் போகலாமே? விற்பவர்கள் அதிகம் சொன்ன வாக்குறுதி இதுதான். நடைமுறையில் மிகக் குறைவாக நிறைவேறியதும் இதுதான்.

காரணம் எளிது. ஒரு விளையாட்டில் வாங்கிய வாள் இன்னொன்றில் வேலை செய்ய வேண்டுமானால், அந்த இரண்டாவது நிறுவனம் அதற்குப் புதிதாக உருவம் வரைய வேண்டும், நிரல் எழுத வேண்டும், அந்த வாளால் மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பாதகம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கொடுத்த காசோ முதல் நிறுவனத்துக்குப் போய்விட்டது. காசு வாங்காதவர் ஏன் இத்தனை வேலை செய்வார்? பிளாக்செயினால் பதிவைக் காட்ட முடியும். யாரையும் வேலை செய்ய வைக்க அதனால் முடியாது.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் இவற்றை விற்கின்றன? பல விளையாட்டுகள் உருவாகும் முன்பே, கட்டுமானச் செலவுக்கு ஆட்டக்காரர்களிடமிருந்தே பணம் கிடைத்துவிடும். விளையாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் மோலினூவின் 22கேன்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘லெகசி’ விளையாட்டுக்கான நிலங்கள் 2021 டிசம்பரில் 4 கோடி பவுண்டுக்கு மேல் விற்றன. விளையாட்டு வெளிவந்தது 2023-இல்தான். இது போக, ஒருவர் மற்றவருக்கு விற்கும் ஒவ்வொரு முறையும் நிறுவனம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

ஆட்டக்காரர்கள் இதை எப்படி ஏற்றார்கள்? பெரும்பாலும் கோபத்தோடு. பிரான்சின் யூபிசாஃப்ட் 2021 டிசம்பரில் ‘குவார்ட்ஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தது. ‘கோஸ்ட் ரீகான் பிரேக்பாயின்ட்’ விளையாட்டுக்குள் வரிசை எண் பொறித்த துப்பாக்கி, கால்சட்டை, தலைக்கவசம் கிடைக்கும் என்றது. தலைக்கவசத்தைப் பெற 600 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும். அறிமுக வீடியோவுக்கு வந்த எதிர்ப்பைப் பார்த்து நிறுவனமே அதைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. 2022 ஏப்ரலில், அந்த விளையாட்டுக்கு இனிப் புதிதாக எதுவும் வராது என்று அறிவித்தது.

‘ஸ்டாக்கர் 2’ உருவாக்கிய ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்டு தன் என்.எஃப்.டி. திட்டத்தை அறிவித்த ஓரிரு நாளில் கைவிட்டது. ‘வார்ம்ஸ்’ புகழ் டீம்17 நிறுவனமும் அறிவித்த மறுநாளே, 2022 பிப்ரவரியில், பின்வாங்கியது. உலகின் பெரிய கணினி விளையாட்டுக் கடையான ஸ்டீம், 2021 அக்டோபரிலேயே என்.எஃப்.டி. விளையாட்டுகளுக்குக் கதவை மூடிவிட்டது. ஆட்டக்காரர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் நிறுவனங்கள் கேட்கும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

பழைய வகை ஸ்கின் மேலானதா? ஒரு விதத்தில் ஆம்: வாலட் (மின்னணுப் பணப்பை), ஈதர் போன்ற தொல்லைகள் இல்லை. ஆனால் கட்டுப்பாடு முழுக்க நிறுவனத்திடம். ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ விளையாட்டில் 2013 முதல் ஸ்கின் வியாபாரம் நடக்கிறது. அரிய கத்திகளுக்குப் பெரும் விலை இருந்தது. 2025 அக்டோபரில் அதை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு விதியை மாற்றியது. உயர் ரகச் சிவப்பு ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தி பெறலாம் என்றது. கத்திகளின் விலை உடனே சரிந்தது. அரிதாக இருந்ததற்கு நிறுவனத்தின் விதியைத் தவிர வேறு காரணம் இல்லை.

விற்றால் பணம் கைக்கு வருமா? ஸ்டீம் சந்தையில் விற்றால், கவுன்டர் ஸ்ட்ரைக் பொருள்களுக்கு ஸ்டீமுக்கு 5 சதவீதமும் விளையாட்டின் பெயரில் இன்னொரு 10 சதவீதமும் கட்டணம் உண்டு. மீதிப் பணம் ஸ்டீம் வாலட்டில் சேரும். அதை வைத்து ஸ்டீமில் பொருள் வாங்கலாம். வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது.

என்.எஃப்.டி. என்றால் பணமாக்கலாம். ஆனால் இந்தியாவில் வரி கட்டுபவராக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதற்கு மேல் செஸ் (வரியின் மீதான கூடுதல் வரி). வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது.

கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பொருளை 25,000-க்கு விற்கிறீர்கள், லாபம் 15,000. அதே ஆண்டில் இன்னொரு பொருளில் 15,000 ரூபாய் நட்டம். கையில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனாலும் முதல் லாபத்துக்கு 4,500 ரூபாய் வரியும் செஸ்ஸும் கட்டியாக வேண்டும். இது தவிர, வரம்பைத் தாண்டிய விற்பனைகளில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படும். இந்தக் கணக்கை விற்பவர்கள் யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

விளையாடியே சம்பாதிக்கலாம் என்கிறார்களே? வியட்நாமின் ஸ்கை மேவிஸ் உருவாக்கிய ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ அப்படித்தான் பெயர் பெற்றது. அப்போது மூன்று பிராணிகள் இருந்தால்தான் விளையாட முடிந்தது, ஜெயித்தால் எஸ்.எல்.பி. என்ற நாணயம் கிடைத்தது. பிலிப்பைன்ஸில் கொரோனா காலத்தில் வேலை இழந்த பலர் அதை நம்பி இறங்கினார்கள். 2021 ஜூலையில் 30 சென்ட்டுக்கு மேல் போன அந்த நாணயம், ஓராண்டுக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே வந்தது. புதிதாக ஆள் சேரும்வரைதான் பழைய ஆளுக்கு வருமானம் இருந்தது. சேர்வது குறைந்ததும் எல்லாருடைய வருமானமும் போனது. கடன் வாங்கிப் பிராணி வாங்கியவர்களின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது.

திருட்டு பயமும் உண்டு. 2022 மார்ச்சில் அதே விளையாட்டின் ரோனின் என்ற பிளாக்செயின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் களவு போனது. வடகொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவே காரணம் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொன்னது. நிறுவனம் வெளியிலிருந்து முதலீடு திரட்டி ஆட்டக்காரர்களுக்கு ஈடு செய்தது. உங்கள் சொந்த வாலட் களவு போனால் அப்படி ஈடு செய்ய யாரும் இல்லை. வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களைக் கேட்டு யார் வந்தாலும், நிறுவன ஊழியர் என்றே சொன்னாலும், கொடுக்காதீர்கள். உண்மையான ஊழியருக்கு அவை தேவையே இல்லை.

சட்டம் துணைக்கு வருமா? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று விற்கக் கூடாது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் ‘தி க்ரூ’ விளையாட்டின் சர்வரை நிறுத்தியபோது, வட்டு வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியாமல் போனது. அந்தச் சட்டம் பேசப்பட்டபோது இந்தக் கோபமும் பின்னணியில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு விற்பதற்கு அதில் தடை இல்லை. படித்துப் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

ஆகவே வாங்கலாமா, கூடாதா? ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் விளையாட்டில், பிடித்த ஒரு உடையைச் சினிமாவுக்குச் செலவிடும் அளவு காசில் வாங்கினால் தவறில்லை. நாளை அது மறைந்தாலும், அனுபவித்த மாலைகள் உங்களுக்கு மிச்சம். வெளிவராத விளையாட்டுக்காக வாங்காதீர்கள். விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடினால், போனில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே அமைத்துவிடுங்கள்.

வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால், விளையாட்டின் விதிமுறைகளில் சேவை நிறுத்தம் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். மூடினால் என்ன தருவோம் என்று அங்கே எழுதியிருக்காவிட்டால், எதுவும் தர மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு தொகையை முடிவு செய்யுங்கள்.