ரதியின் சொல்லும் தங்காளின் சொல்லும்

நமது நாட்டார் கதைகளில் வரும் பெண்கள் ஊமைகள் அல்லர். பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், எச்சரிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு யார் செவிசாய்த்தார்கள் என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் டிக்கோயாப் பகுதித் தோட்ட மக்கள் நன்கறிந்த இரண்டு கூத்துகளைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

முதலாவது, மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து. சிவனுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள். தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லி மன்றாடுகிறாள். பெண்ணின் பயம் என்று அது ஒதுக்கப்படுகிறது. நெற்றிக்கண் தீயில் மன்மதன் எரிந்து போகிறான். பின்னர் ரதி புலம்பி வரம் பெறுகிறாள். ஆனால் உயிர் பெற்ற கணவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அவள் பெற்ற வெற்றியை ஊர் பார்க்க முடியாது.

இரண்டாவது பொன்னர் சங்கர். கொங்கு நாட்டில் பிறந்து, தொழிலாளரோடு கடல் கடந்து மலையகம் வந்த கதை. வரப்போவதைக் கனவில் காண்பவள் தங்கை தங்காள். அண்ணன்மாரோ போருக்குப் போய் மடிகிறார்கள். படுகளத்தில் அவர்களை எழுப்பும்போதுதான் அவளது சொல்லுக்குச் சக்தி பிறக்கிறது. அதுவும் சிறிது நேரத்துக்கே.

இரு கதைகளும் ஒரே விதியைச் சொல்கின்றன. நடப்பதற்கு முன் பெண் பேசினால் அது அச்சம். நடந்த பின் பேசினால் அது ஒப்பாரி. அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. முடிவு செய்ய இல்லை. அந்த ரதி வேடத்தைக்கூட மரபாக ஆண்களே கட்டினர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

கூத்துக்கு வெளியே நிலைமை வேறாகவா இருந்தது? கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பெரட்டுக் களத்தில் ஒலித்ததோ துரையின் குரலும் கங்காணியின் குரலும். அவள் உழைத்த சம்பளத்தைத் தகப்பனோ கணவனோ கைநீட்டி வாங்கும் வழக்கமும் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது.

ஆயினும் பெண்கள் தமக்கென ஒரு மொழியை வைத்திருந்தார்கள். லயத்துத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நேரே சொல்ல முடியாததைப் பாடினார்கள். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் பணி இங்கே நன்றியுடன் நினைக்கத்தக்கது. கூத்து மேடையில் ஆண் பாடிய ரதியையும் லயத்தில் பெண் பாடிய பாட்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நாட்டார் இலக்கியத்தின் முழு முகம் தெரியும்.

அடுத்த மாசியில் காமன் கூத்துப் பார்க்கப் போகும் நேயர்கள், ரதியின் புலம்பலுக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். மன்மதனை அவள் தடுக்கும் அந்தச் சிறிய கட்டத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.