பேசும் ஐ.சி.கள் – 9: மௌனத்துக்கும் ஓர் எண்

எஸ்.பி.0256-ஏ.எல்.2 என்ற ஐ.சி.யை 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் விற்றது. 28 கால்கள். அதற்கு ஒரு சொல்லும் தெரியாது. 59 ஒலித்துண்டுகளும் ஐந்து வகை இடைவெளிகளும்தான் அதன் மொத்தச் சொத்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண். எண்ணைக் கொடுத்தால் ஒலி வரும். 1978-இல் வந்த ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ பொம்மையில் சொற்கள் முழுதாகப் பதிந்திருந்தன, பதியாத சொல்லை அது சொல்லாது. இதனிடம் எந்த ஊர்ப்பெயரையும் கேட்டுப் பார்க்கலாம். கேரளத்தில் நான் குடியிருக்கும் கொச்சங்காடியையே கேட்டேன்.

எண்களை அனுப்ப ராஸ்பெரி பை என்ற சிறு கணினி போதும். 2015-இல் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை வழங்கியதால், இங்கே அது அபூர்வப் பொருளும் அல்ல. ஆறு வயர்கள் எண்ணைச் சுமக்கும். ஏழாவது, ‘எடுத்துக்கொள்’ என்று தட்டிச் சொல்லும். எட்டாவது எதிர்த்திசையில் வருவது: ‘அடுத்ததைக் கொடு’ என்று ஐ.சி. கேட்கும் எல்.ஆர்.க்யூ. கால்.

ஆபத்து அந்த எட்டாவதில்தான். ஐ.சி. 5 வோல்ட்டில் ஓடுகிறது, பையின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பை அனுப்பும் 3.3 வோல்ட்டை ஐ.சி. சரியாகவே புரிந்துகொள்ளும், ஏனென்றால் அதற்கு 2.4 இருந்தாலே போதும். திரும்பி வருவதைத்தான் குறைக்க வேண்டும். 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள். சில ரூபாய்ச் செலவு. இதைச் சோம்பலில் விட்டால் போவது பழைய ஐ.சி. அல்ல, புதிய பைதான்.

இன்னொன்று கிரிஸ்டல். கேட்பது 3.12 மெகாஹெர்ட்ஸ், எளிதில் கிடைப்பது 3.58. அதைப் போட்டாலும் பேசும். ஆனால் ஏறக்குறைய 15 சதவீதம் வேகமாக, கீச்சுக்குரலில். ஒலி வெளிவரும் காலில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதை வடிகட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் இரைச்சல் அடங்கும்.

இனி ஊர்ப்பெயர். முதலில் வந்தது ‘கொசங்காடி’. ‘ச்’ சேர்ப்பதற்காக அதே ஒலியை இரண்டு முறை அனுப்பினால் இருமல் போல வருகிறது. வல்லினம் இரட்டிக்கும்போது நம் வாய் செய்வது வேறு: காற்றை ஒரு கணம் அதிகமாக அடைத்து வைக்கிறது. அந்த அடைப்பு என்பது மௌனம். மௌனத்துக்கு இந்த ஐ.சி.யில் எண் உண்டு: 10, 30, 50, 100, 200 மில்லி விநாடிகள். ‘ச’ ஒலியின் எண் 50. அதற்கு முன் 100 மில்லி விநாடி மௌனமான 3-ஐ வைத்ததும் ‘கொச்சங்காடி’ வந்துவிட்டது. ‘டி’ மட்டும் வெள்ளைக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள எதுவும் ஆங்கிலத்துக்காகச் செய்த இந்த 59-இல் இல்லை. ழகரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்று கைப்பேசியே தெளிவாகத் தமிழ் பேசுகிறதே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஸ்டீபன் ஹாக்கிங்கைக் காட்டுவேன். கால்டெக்ஸ்ட் 5010 என்ற 1980-களின் அட்டைதான் அவர் குரல். நல்ல குரல்கள் வந்த பிறகும் அவர் மாறவில்லை. அட்டைகள் பழுதாகி உதிரி கிடைக்காமல் போகும் என்ற கவலையில், பீட்டர் பெனி உள்ளிட்ட குழுவினர் அந்த அட்டையின் வேலையை அப்படியே மென்பொருளாக்கி ராஸ்பெரி பையில் ஓடவைத்தார்கள். 2018 ஜனவரியில் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மார்ச் 14-இல் அவர் மறைந்தார். உயிரோடிருந்த மூல அட்டை பக்கத்தில் இருந்ததால்தான் நகல் சரியா என்று ஒப்பிட முடிந்தது.

1984-இல் ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. உங்கள் பள்ளியின் பழைய அலமாரியில் ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுமுன் மூடியைத் திறந்து ஐ.சி.களின் எண்களைப் படியுங்கள். டி.எம்.எஸ்.5220 என்றிருந்தால் அது பேசும் ஐ.சி. கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். அதை எப்படிப் பேசவைப்பது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.