நினைவு குன்றியவரிடம் எஞ்சியிருப்பது யாது?

பாறசாலையில் 1940-ஆம் ஆண்டில் பிறந்த முதியவர் ஒருவரை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. பிறந்தபோது அவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் குடி. 1949-இல் அவ்வூர் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தின் பாகமாயிற்று. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்தில் தங்கிவிட்டது. இருந்த திண்ணையை விட்டு எழாமலே மூன்று அரசுகளைக் கண்டவர் அவர்!

இத்தகையவருக்கு முதுமையில் மறதி நோய் காணுமாயின், மருத்துவர் வினவும் கேள்விகளுள் ஒன்று, "நாம் இருப்பது எந்த மாநிலம்?" என்பதாகும். அமெரிக்க மருத்துவர் மார்ஷல் போல்ஸ்டீனும் துணைவரும் 1975-இல் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனையில் இதற்கும் ஓர் எண் உண்டு. "திருவிதாங்கூர்" என்று பெரியவர் விடையிறுத்தால் அந்த எண் போயிற்று. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவரை எம்மொழியில் சோதிப்பது என்பது மற்றொரு சிக்கல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் மதுரநாத் முதலியோர் 100 மதிப்பெண் சோதனை ஒன்றை மலையாளத்துக்கு ஏற்ப அமைத்தனர். நோயைக் கண்டறிய இவை இன்றியமையாதவை. ஆயினும் இவை கணக்கிடுவன எல்லாம் இழப்பையே.

இழந்தது போக எஞ்சியதை அளக்க வழியில்லையா? இங்கிலாந்தின் டாம் கிட்வுட் 1997-இல் வெளியிட்ட நூலில், நோய்க்கு அப்பாலும் ஆள் ஆளாகவே இருக்கிறார் என வலியுறுத்தினார். 1999-இல் ரெபெக்கா லாக்ஸ்டன் குழுவினர் வெளியிட்ட வினாத்தாளில் 13 கேள்விகள்: உடல்நலம், மனநிலை, குடும்பம், நட்பு, வீட்டுவேலை செய்யும் திறன், பணம் முதலியன. 13 முதல் 52 வரை மதிப்பெண். இதன் சிறப்பு, நோயாளரிடமும் பராமரிப்பவரிடமும் தனித்தனியே கேட்பது. பெரும்பாலும் பராமரிப்பவர் இடும் எண்ணே குறைவாக இருக்கிறது! களைத்துப் போனவர் கண்ணுக்குப் பிறர் வாழ்வும் இருண்டே தோன்றும் போலும்.

சார்லட் ஸ்டோனர், மார்ட்டின் ஓரல், எய்மி ஸ்பெக்டர் முதலியோர் இன்னும் ஒருபடி சென்று, நம்பிக்கையையும் மனவுறுதியையும் அளக்கும் 16 வினாக்களை வகுத்தனர். ஸ்பெக்டர் குழுவினர் உருவாக்கிய கூட்டுப் பயிற்சி முறை 14 அமர்வுகள் கொண்டது. 2003-இல் வெளிவந்த ஆய்வில் அது சிந்தனைத் திறனோடு வாழ்வின் நிறைவையும் உயர்த்தியதாகக் கண்டனர். சென்னையிலுள்ள ஸ்கார்ப் நிறுவனத்தார் அதனைத் தமிழர் வாழ்வுக்கு ஏற்ப மாற்றிச் செய்துபார்த்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. தொலைபேசியை எடுத்தவுடன், "நான் யார், தெரிகிறதா?" என்று தாயாரைக் கேட்கிறோமே, அதுவும் இழப்பை அளக்கும் சோதனையன்றி வேறென்ன? தெரியாவிடில் அவருக்கும் நாணம், நமக்கும் கண்ணீர். அதைவிட, "மரச்சீனிக்கு மீன்குழம்பு எப்படிக் கூட்டுவது, அம்மா?" என்று யோசனை கேட்கலாம். உடனிருக்கும் தமக்கையிடம் அவருடைய களைப்பைத் தனியே விசாரிக்கலாம். அம்மாவின் விடை தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிந்தாலும் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.