நேற்றைய வேட்டைக்காரர், இன்றைய காவல்காரர்

செஞ்சி வட்டத்தில், வல்லம் பக்கம் மல்லாட்டை போடுகிற விவசாயியிடம் காட்டு விலங்கைப் பற்றிக் கேட்டால் முதலில் காட்டுப்பன்றியைத்தான் சொல்வார். காய் பிடிக்கும் பருவத்தில் ஒரே ராத்திரியில் பாதிக் கொல்லையைக் கிளறிப்போட்டுவிடும். விதைத்த கொல்லையில் மயில் இறங்கினால் விதைப்பருப்பு மிஞ்சாது. சென்னையிலிருந்து காரில் வருகிறவருக்கோ அதே மயில், கைப்பேசியில் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப வேண்டிய அழகு. ரசிப்பவர் ஒருவர், நட்டப்படுபவர் வேறொருவர். உலகெங்கும் காட்டுயிர்ப் பாதுகாப்பு இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கை நேர்செய்ய ஆப்பிரிக்க நாடுகள் நாற்பது ஆண்டுகளாக ஒரு வழியை முயன்று பார்க்கின்றன. விலங்கைப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் பணம், அந்த விலங்கோடு குடியிருப்பவர் வீட்டுக்கே போக வேண்டும். எத்தனை பேரை, எங்கே, எப்போது விடுவது என்பதையும் அவரே முடிவுசெய்ய வேண்டும். இதைச் சமூகம் நடத்தும் சூழல் சுற்றுலா என்கிறார்கள்.

செஞ்சிக்காரர்கள் இதைக் கவனிக்க இப்போது காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. இனி வருகிறவர் கூட்டம் பெருகும். கோட்டையைச் சுற்றிப் பாறைக்குன்றுகளும் முட்புதர்க் காடுகளும் இருக்கின்றன. அருகில் பாக்கமலைக் காப்புக்காட்டில் தேவாங்கு உண்டு. கிழக்கே மரக்காணம் பக்கத்துக் கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. கோட்டைக்கு வருகிறவர்களின் பார்வை இந்தக் காடுகளின் மீதும் திரும்பும்.

மாராவின் குத்தகை

கென்யாவின் காட்டு விலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தேசியப் பூங்காக்களுக்கு வெளியே வாழ்கிறது. மாசாய் மாரா காப்பகத்தின் பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர்தான். வரிக்குதிரையும் காட்டுமாடும் புல்லைத் தேடி எல்லை தாண்டி நடக்கும். வெளியே இருப்பது மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். அந்த நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து, வேலியும் வயலும் பெருகியபோது விலங்குகளுக்குப் போக வழியில்லாமல் போயிற்று. 1977 முதல் 2009 வரையிலான கணக்கெடுப்புகளை ஆராய்ந்தவர்கள், மாரா பகுதியில் ஏறக்குறைய எல்லா விலங்கினங்களும் மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிட்டதைக் கண்டார்கள்.

2005 வாக்கில் மாற்றம் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, வேலி போடாமல், தங்கள் நிலத்தை ஒரே பரப்பாகச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஓல் கின்யெய், ஓலாரே ஓரோக், நபோய்ஷோ என்று ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய காப்பு நிலங்கள் உருவாயின. எத்தனை விருந்தினர் வந்தார்கள் என்று பார்க்காமல், ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்கில் குடும்பத்துக்கு வாடகை போகும். கூடாரங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. மாட்டை மேய்க்கத் தடையில்லை. எந்தப் புல்வெளியில் எப்போது என்பதற்குத்தான் முறை.

மாட்டை அடித்த சிங்கத்தை ஈட்டியால் முடிப்பது மாசாய் வழக்கம். 2016இல் வெளியான ஓர் ஆய்வு அங்குள்ள சிங்கங்களின் ஆயுளைக் கணக்கிட்டது. மாட்டுப்பட்டிகள் பெருகப் பெருகச் சிங்கம் பிழைப்பது குறைகிறது. ஆனால் அந்தப் பட்டிக்காரர்கள் காப்பு நிலத்தில் உறுப்பினர்களாக இருக்கும் இடங்களில் சிங்கம் கூடுதலாகப் பிழைக்கிறது. மாடும் சிங்கமும் எங்கும் ஒன்றுதான். வாடகை போகிற வீடுகளுக்குப் பக்கத்தில் ஈட்டி குறைவாக எழுகிறது.

நமீபியாவில் இது இன்னும் முன்பே தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் வடமேற்குப் பகுதி வறட்சியாலும் திருட்டு வேட்டையாலும் விலங்குகளை இழந்துகொண்டிருந்தபோது, கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் ஊர்த் தலைவர்களிடம் போய், உங்கள் ஆட்களிலிருந்தே காவலர்களைப் பொறுக்கித் தாருங்கள் என்று கேட்டார். கறுப்புக் காண்டாமிருகம் எங்கே தண்ணீர் குடிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 1996இல் இதற்கு இடம்தரும்படி சட்டம் திருந்தியது. 1998இல் முதல் நான்கு காப்பு நிலங்கள் பதிவாயின. இன்று அவை 86. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

எல்லா இடத்திலும் இப்படியே நடந்துவிடவில்லை. ஜிம்பாப்வே 1989இல் 'கேம்ப்ஃபயர்' என்ற பெயரில் இதே போன்ற திட்டத்தைத் தொடங்கியது. பணம் மாவட்ட மன்றங்களின் கைக்குப் போனது. பல இடங்களில் அங்கேயே தங்கிவிட்டது. யானை மிதித்த வயலுக்குச் சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்தது சொற்பம்.

பட்டை உரித்த கைகள்

நமக்குப் பக்கத்தில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு, கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி மலை ஏறினால் வரும் தேக்கடி. அங்குள்ள பெரியாறு புலிகள் காப்பகம் அமைந்தது 1978இல். அந்தக் காட்டில் மலையாளத்தில் 'வயணா' எனப்படும் காட்டு இலவங்க மரங்கள் உண்டு. மணமுள்ள பட்டைக்கு நல்ல விலை கிடைத்ததால் அதைத் திருட்டுத்தனமாக உரித்து விற்கக் கூட்டங்கள் இருந்தன.

மரத்தைச் சுற்றி முழுவதுமாகப் பட்டையை உரித்தால் மரம் ஏன் சாகிறது? இலையில் உருவாகும் சர்க்கரை, பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த அடுக்கு அறுந்தால், மேலே தழை பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் பட்டினி கிடக்கும். சேமிப்பு தீர்ந்ததும் மரம் நின்றபடியே காயும். ஒரு மூட்டைப் பட்டைக்காக முழு மரமும் போகும்.

1996இல் உலக வங்கியின் உதவியோடு இந்தியாவின் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பெரியாறு அவற்றில் ஒன்று. வனத்துறை இந்தப் பட்டைக்காரர்களோடு பேச்சு நடத்தியது. 23 பேர் தொழிலை விட்டார்கள். 'முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போர்' என்ற பெயரிலேயே அவர்களுக்கு ஒரு குழு அமைந்தது. 1998இல் 'டைகர் டிரெயில்' என்ற நடைபயணத்தை அவர்கள் நடத்தத் தொடங்கினார்கள். ஒரு தடவைக்கு ஐந்து விருந்தினர், உடன் ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். காட்டுக்குள் நடந்து, கூடாரத்தில் தங்கித் திரும்புவது.

விருந்தினருக்கு இது சுற்றுலா. வனத்துறைக்கோ, தினமும் காட்டுக்குள் போய்வரும் ரோந்து. எந்த ஓடையில் எந்தக் கும்பல் முகாம் போடும், எந்தத் தடத்தில் சுமை இறங்கும் என்பதெல்லாம் இந்த 23 பேருக்கு அத்துபடி. அவர்கள் கண் வைத்த பிறகு, மற்றவர்கள் அந்தப் பக்கம் நடமாடுவது கடினமாகிவிட்டது. மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்களும் தனிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மிளகை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவந்த குடும்பங்களின் கடனைத் தீர்த்து, மிளகைச் சேர்ந்து விற்க ஏற்பாடானது. 'வசந்த சேனை' என்ற பெண்கள் குழு கூலி வாங்காமல் முறைபோட்டுக் காட்டை ரோந்து சுற்றியது.

உலக வங்கித் திட்டம் 2004இல் முடிந்தது. பணம் நின்றதும் இப்படிப்பட்ட திட்டங்கள் படுத்துவிடுவது வழக்கம். பெரியாற்றில் அதே ஆண்டு பெரியாறு அறக்கட்டளை அமைந்து, காப்பகத்துக்கு வருகிறவர்களிடம் வசூலாகும் கூடுதல் கட்டணத்தைக் குழுக்களின் பக்கம் திருப்பியது. குழுக்கள் பிழைத்தன.

தமிழ்நாட்டில் காரமடை வனச்சரகத்தின் பரளிக்காடு இதே வழியில் சிறிய அளவில் நடக்கிறது. பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் இருளர்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். பெண்கள் குழு சமைத்துப் போடுகிறது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி.

விஷம் தந்த வேலை

செஞ்சி, திண்டிவனம், மரக்காணம் பக்கங்களில் வாழும் சமவெளி இருளர்களுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. பாம்பைப் பிடித்துத் தோலை விற்பது அவர்கள் பிழைப்பாக இருந்தது. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை அடைத்தன. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மகாபலிபுரம் அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வருவார்கள். சில வாரம் பானையில் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி உடனே சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். இந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுத்ததே நம் அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து. வடநெம்மேலியில் விஷம் எடுப்பதைச் சீட்டு வாங்கிப் பார்வையாளரும் பார்க்கலாம். இதே சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்புத் தொல்லையைக் குறைக்க அமெரிக்காவின் புளோரிடாவே இவர்களை அழைத்திருந்தது.

கூட்டத்துக்கு ஓர் எல்லை

சுற்றுலாவே விலங்குக்குச் சுமையாவதும் உண்டு. மாசாய் மாராவில், சிறுத்தைப்புலிகளைப் போலவே தோன்றும் ஆனால் வேறினமான சீட்டாக்களை 2013 முதல் 2017 வரை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வண்டிகள் குறைவாக வரும் இடங்களில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் இடங்களில் இது 0.2தான். சீட்டா பகலில் வேட்டையாடும் விலங்கு. சுற்றிலும் வண்டிகள் நின்றால் இரை கலையும். பிடித்த இரையையும் நிம்மதியாகத் தின்ன முடியாது. தாய்க்குக் குறைந்தால் குட்டிக்கும் குறையும்.

பாக்கமலைத் தேவாங்குக்கு ஆபத்து வேறு வகை. இரவு விலங்கான அதன் கண்ணில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்களே மிகுதி. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் அடுக்கும் உண்டு. வெள்ளை டார்ச்சு வெளிச்சம் அதைத் திணறடிக்கும். ஆய்வாளர்கள் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவது அதனால்தான். இரவு நடை என்று சீட்டு விற்கிறவர்களுக்கு இந்தச் சிறு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காட்டில் ராத்திரி நடந்து பழகிய உள்ளூர்க்காரர் வழிகாட்டியாக இருந்தால், எந்தப் புதரை விட்டு ஒதுங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது.

சுற்றுலாப் பணத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. 2020இல் கொரோனா விமானங்களை நிறுத்தியபோது, மாராவின் வாடகையும் நமீபியக் காவலர்களின் சம்பளமும் ஒருசேர ஆட்டம் கண்டன. விருந்தினர் வராத ஆண்டிலும் காடு வாழ வேண்டும் என்றால், வேறு வகையிலும் ஊருக்குப் பலன் இருக்க வேண்டும்.

மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் அதற்குச் சாட்சி. பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஆணை வாங்கினார்கள். அப்போது சுற்றுலாப் பயணி யாரும் கிடையாது. பறவை எச்சத்தின் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏரித் தண்ணீரோடு வயலுக்குப் பாய்ந்தன. பாதுகாத்தவரின் நெல்லிலேயே பலன் தெரிந்தது.

செஞ்சியில் முடிவெடுக்க வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு நாளைக்கு எத்தனை பேர், வழிகாட்டி யார், வருமானத்தில் பயிரிழந்தவரின் பங்கு எவ்வளவு, பணம் எந்தக் கையின் வழியே வரும். நான்காவது கேள்விதான் ஜிம்பாப்வேயைக் கவிழ்த்தது. பெரியாற்றை நிலைக்கவைத்ததும் அதற்குக் கிடைத்த விடைதான். மாராவில் விலங்குகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்த பிறகுதான் குத்தகை வந்தது. தேக்கடியில் மரங்கள் காய்ந்த பிறகுதான் பேச்சு நடந்தது. செஞ்சிக்குக் கூட்டம் இனிமேல்தான் பெருகப்போகிறது. விதியை முதலில் எழுதிவிட்டுச் சீட்டைப் பிறகு அச்சடிக்க இங்கே அவகாசம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் இதைப் பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை.