நிலையும் கொசுவமும்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற கோடை விடுமுறையில் பன்னிரண்டு நாட்கள் காரைக்குடியில் தங்கியிருந்தேன். உல்லாசப் பயணம் என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். என் தாய்மாமன் அங்கே பழைய மரச்சாமான் கடை ஒன்றில் சுமை தூக்கும் வேலை செய்கிறார். கூட ஒரு கை வேண்டும் என்று அழைத்தார். புத்தகத்திற்கும் பேருந்துச் செலவிற்கும் ஆகுமே என்று சென்றேன். பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை, மதுரை வழியாக அரைநாள் பயணம்தான். ஆனால் கருவேலங்காட்டையும் ஓட்டு வீட்டையும் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது வேறொரு நாடாகவே தோன்றியது.

முதல் நாள் நான் தோள் கொடுத்துத் தூக்கிய பொருள் ஒரு வாசல் நிலை. நான்கு பேர் சேர்ந்தும் மூச்சு வாங்கியது. "பர்மாத் தேக்கு மாப்ளே, மெல்ல வையி. மேல லட்சுமி இருக்கா" என்றார் மாமா. பார்த்தேன். மேற்பலகையின் நடுவே திருமகள் அமர்ந்திருக்க, இருபுறமும் யானைகள் நீர் சொரிகின்றன. நிலைக்கால்களில் கொடியும் கிளியும் தாமரையும் அடியிலிருந்து உச்சி வரை ஓடுகின்றன. இப்படிப்பட்ட நிலைகள் முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். வீடு இல்லை, வாசல் மட்டும் இருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளுக்குச் சென்று வட்டிக்கடை வைத்துப் பொருளீட்டினர். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் கப்பலில் வந்தன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடுகள் எழுந்தன. 1930இல் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை; அடைமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மா வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்ததாகக் கணக்கு. அந்த உழவர்களின் கண்ணீரையும் நாம் மறந்துவிடலாகாது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பலர் கைவீசி நடந்தே ஊர் திரும்பினர். விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. வருவாய் நின்றது, வீடு மட்டும் நின்றது. ஒரு வீட்டிற்கு இருபது, முப்பது பங்காளிகள். ஓடு மாற்றுவது யார் என்பதில் ஒத்த கருத்து இல்லாதபோது, பிரித்து விற்பதே எளிதாகிவிடுகிறது.

சுவரைப் பற்றி ஒரு சொல். வேதியியல் மாணவன் அதைச் சொல்லாமல் விடலாமா? எங்கள் பந்தல்குடி மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. சிமெண்டுக்காக வெட்டி எடுக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமிலவாயு வெளியேறுகிறது. நீர்த்துப் பூசிய பின் அதே வாயுவைக் காற்றிலிருந்து உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. செட்டிநாட்டுக் கொத்தர்கள் அதில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து, கண்ணாடி போல் இழைத்தார்கள். அச்சுவரில் கை வைத்தால் சித்திரை வெயிலிலும் குளிர்கிறது.

நம் கல்லூரி நூலகத்தில் மொராக்கோ நாட்டைப் பற்றிய பயணக் கட்டுரை ஒன்றைப் படித்திருந்தேன். அங்கே பெஸ் என்னும் பழைய நகரத்தில் தெருச்சுவர்கள் வெறுமையாக இருக்கும். அழகெல்லாம் கதவிலும் உள்முற்றத்திலும்தான். பெரிய கதவுக்குள்ளேயே ஆள் நுழையச் சிறு கதவு ஒன்றும் வைப்பார்களாம். நாம் அதைத் திட்டிவாசல் என்கிறோம். எங்கோ கிடக்கும் நாட்டாரும் நம்மவரும் ஒரே தேவைக்கு ஒரே விடை கண்டிருக்கிறார்கள்! ஆனால் செட்டிநாட்டு முகப்பு பெஸ் நகரச் சுவரைப் போல் அடக்கமானதன்று. தெருவில் போகிறவனை நிறுத்திப் பார்க்க வைப்பது.

இனி உடை. ஒரு நாள் பழைய வீடொன்றில் மரப்பெட்டி எடுக்கச் சென்றோம். வீட்டு ஆச்சி அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட சேலை உடுத்தியிருந்தார். அகன்ற கரை. சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அதுதான் கண்டாங்கி. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகியவை அதன் பழைய நிறங்கள். கெட்டிப் பருத்தி, துவைக்கத் துவைக்க மென்மையாகும். கொசுவத்தை முன்னால் விடாமல் பின்னால் வைத்துக் கட்டுவது பழைய முறை. முற்றத்தில் குனிந்து நிமிர்ந்து வற்றல் காயவைக்கவும் அம்மியில் அரைக்கவும் கால் தட்டாத உடை.

ஆச்சியைப் பார்த்ததும் எனக்கு அம்மாச்சி நினைவு வந்தது. என் அம்மாச்சியும் பின்கொசுவம்தான். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்களுக்கும் அதே கட்டுத்தான் தோது. ஆச்சியின் காதில் வைரம். அம்மாச்சியின் காதில் முன்பு தண்டட்டி. உள்ளே அரக்கு நிரப்பி மேலே பொன்தகடு போர்த்திய அந்த நகைக்காகச் சிறு வயதிலேயே காது வளர்ப்பார்கள். மழை பொய்த்த ஓராண்டில் அது அடகுக்குப் போனது, திரும்பவில்லை. வெறும் காது மட்டும் தோள் வரை தொங்குகிறது. முதலாண்டுச் சேர்க்கையன்று அம்மாச்சி என்னோடு கல்லூரிக்கு வருகிறேன் என்றபோது, அந்தக் காதையும் கட்டையும் எண்ணி நான் வேண்டாம் என்றேன். இதை எழுத நாணுகிறேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நிலை உண்டு. அம்மாச்சியின் தந்தை தச்சர். தம் கையால் வேம்பில் செய்தது. நடுவே ஒற்றைத் தாமரை, அவ்வளவுதான். அடியில் நவதானியமும் காசும் இட்டு, மஞ்சள் துணி கட்டி, நல்ல நேரம் பார்த்து நிறுத்தியது. வேம்பின் கசப்புக்குக் கறையான் எளிதில் அண்டாது. இப்போது அரசு உதவியில் காங்கிரீட் வீடு கட்டுகிறோம். பழைய வீட்டை இடித்தாயிற்று. நிலையைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தால் விற்றுத் தருவதாக மாமா சொன்னார். ஜன்னல் செலவுக்கு ஆகும் என்று அம்மாவும் இசைந்தார். பன்னிரண்டு நாட்கள் பிறர் வாசல்களைச் சுமந்து வந்த நான், வேண்டாம் என்றேன். அம்மாச்சி ஒன்றும் பேசவில்லை. "ஏய்யா, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டார்.

புது முன்வாசலுக்கு ஏழடி வேண்டும். எங்கள் நிலையோ ஐந்தரை அடி. தார்ப்பாய் சுற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம். கொல்லைப்புற வாசலுக்கு ஆகுமா என்று கொத்தனார் நேற்று அளந்து பார்த்தார். அகலத்தில் அரையடி இடிக்கிறதாம். சுவரைக் கொஞ்சம் வாங்கிக் கட்டலாம், ஒரு நாள் கூலி கூடும் என்கிறார்.